மின்வணிக ஆராய்ச்சி: சந்தையில் நிற்க ஆள் வேண்டும்

மின்வணிகம் என்றால் செல்பேசியில் பொருள் வாங்குவது என்ற அளவில்தான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது நீளமான சங்கிலி. விலை கேட்பது, கொடுப்பவர் நம்பத்தக்கவரா என்று பார்ப்பது, பணம் அனுப்புவது, பார்சல் வந்து சேர்வது, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவது, ஏமாந்தால் புகார் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றில் ஏதோ ஒன்று மின்னணு வழியில் நடந்தாலே வியாபாரத்தின் குணம் மாறுகிறது. புளியங்குடி எலுமிச்சை வியாபாரி காலையில் கேரளத்து ரேட்டை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஏலத்துக்குப் போகிறார் என்றால், அவர் இணையத்தில் ஒரு காய்கூட விற்காவிட்டாலும் மின்வணிகத்துக்குள் வந்துவிட்டவர்தான்.

இந்த மாற்றங்களை ஆராயும் திறன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்? பாடத்திட்டத்தில் ‘இ-காமர்ஸ்’ என்று ஒரு தாள் இருப்பது போதாது. அந்தப் பெயரில் பி.காம். பட்டமே இருந்தாலும் போதாது. தன் வட்டாரத்திலிருந்து ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான தரவைத் தானே திரட்டி, பிறர் சரிபார்க்கும்படி முடிவை வெளியிட்டு, பத்து ஆண்டுக்குப் பிறகு வேறொருவர் அதே இடத்திலிருந்து தொடரும்படி எல்லாவற்றையும் பாதுகாத்து வைக்கும் வலு வேண்டும். தென்காசி மாவட்டத்தை வைத்துப் பார்த்தால், இந்த வலு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெளிவாகத் தெரியும்.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. ஸ்லோவீனியாவில் பிளெட் என்ற ஏரிக்கரை ஊரில், நிறுவனங்கள் கணினி வழியாக ஆவணங்களைப் பரிமாறிக்கொள்வது பற்றி 1988-இல் தொடங்கிய ஆண்டு மாநாடுதான் இதன் பழைய கூடுகைகளில் ஒன்று. மின்வணிகத்துக்கென்றே ஒரு பன்னாட்டு ஆய்விதழ் 1996-இல் வந்தது. தொடக்க கால ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது எரிக் பிரின்யோல்ஃப்சன், மைக்கேல் ஸ்மித் இருவரும் 2000-இல் வெளியிட்டது. புத்தகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் இணையக் கடைகளிலும் சாதாரணக் கடைகளிலும் என்ன விலை என்று 15 மாதம் விடாமல் குறித்து, 8,500 விலைப் பதிவுகளைச் சேர்த்தார்கள். இணையத்தில் விலை 9 முதல் 16 விழுக்காடு வரை குறைவு என்பது முடிவு. அதைவிட முக்கியம், அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியரும் மாணவரும் உட்கார்ந்து விலையைப் பார்த்து எழுதினாலே உலகத்தரமான தரவு கிடைத்தது என்பது.

அந்தக் காலம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஹால் வேரியன் 2002-இல் கூகுள் பக்கம் போனார்; பிறகு பலர் அந்த வழியில் போனார்கள். தரவும் அவர்களோடு போயிற்று. யார் எதைத் தேடினார், எந்த விலையில் தயங்கினார், எதைத் திருப்பி அனுப்பினார் என்பதெல்லாம் இன்று சில நிறுவனங்களின் சர்வர்களுக்குள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டுக்கே அவற்றில் ஓரளவுதான் கிடைக்கும் என்றால், திருநெல்வேலி அருகே அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு என்ன கிடைக்கும்?

இந்த இடத்தில்தான் நம் பல்கலைக்கழகங்கள் கேள்வித்தாளைக் கையில் எடுத்தன. ஆய்வேடுகளை இணையத்தில் சேமிக்கும் ‘ஷோத்கங்கா’வில் தேடினால், இணையவழிக் கொள்முதல் குறித்து வாடிக்கையாளரின் மனப்பான்மை, மனநிறைவு, விழிப்புணர்வு என்று தலைப்புகள் வரிசை கட்டும், மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். உள்ளே இருப்பதும் பழகிப்போனதுதான். கைக்கு எட்டிய சில நூறு பேரிடம் தாள் கொடுக்கப்படும். ‘இணையத்தில் பொருள் வாங்குவது வசதியானது’ என்ற வரிக்கு நேரே ‘முழுவதும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘சற்றும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். நிரப்புபவர் பெரும்பாலும் அதே கல்லூரி மாணவர், அல்லது அவருடைய தோழியின் அக்கா. கணினியில் ஏற்றி ஒரு கைவர்க்கச் சோதனை போட்டால், வயதுக்கும் மனநிறைவுக்கும் ‘குறிப்பிடத்தக்க தொடர்பு’ இருக்கும், அல்லது இருக்காது. இரண்டில் எது வந்தாலும் யாருடைய தொழிலும் மாறப்போவதில்லை.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. நெறியாளருக்கு ஒரே சமயத்தில் எட்டுப் பேர், ஆய்வாளருக்குப் பாதி நாள் கல்லூரியில் தற்காலிகப் பாடவேளை, கையில் பயணப்படி இல்லை என்ற நிலையில், மூன்று ஆண்டில் முடிக்கத்தக்க ஒரே முறை அதுதான். பிஎச்.டி.க்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியை யுஜிசி 2022-இல் நீக்கியது. 2019-இல் கொண்டுவந்த ஆய்விதழ்ப் பட்டியலையும் 2025-இல் கைவிட்டது. காசு கொடுத்தால் அச்சிடும் இதழ்களின் பிடி இதனால் தளரலாம். ஆனால் தரவு இல்லாத ஆய்வுக்கு இந்த மாற்றங்கள் மருந்தாகாது.

மனப்பான்மையைக் கேட்பதற்கு மாற்று, நடப்பை எண்ணுவது. அதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நெல்லைச் சீமையிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1915-இல் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயரை அழைத்து வந்தது. நாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது, மாணவர்களுக்குத் தெரியும். 1916-இல் மாணவர்களின் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தங்கள் கிராமங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, வீட்டுக்கு எத்தனை மாடு, எந்தப் பொருள் எந்தச் சந்தைக்குப் போகிறது என்று அவர்கள் எழுதி வந்தவை 1918-இல் நூலாக வந்தன. அதில் இடம்பெற்ற ஊர்களில் திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள கங்கைகொண்டானும் ஒன்று.

அந்த நூலின் பெருமை அது வெளிவந்ததோடு முடியவில்லை. 1936-இல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் தலைமையில் அதே ஊர்களில் மறு கணக்கெடுப்பு நடந்தது. 1960-களிலும் 1980-களிலும் அந்தக் கிராமங்கள் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். தமிழகக் கிராமம் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்று இன்று அடித்துச் சொல்ல முடிகிறதென்றால், கல்லூரிப் பையன்கள் விடுமுறையில் எழுதிய கணக்கு அதற்கு ஒரு காரணம். கங்கைகொண்டான் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை. மாறிய அந்த ஊரை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்குப் பதில் அலமாரியில் இருக்கிறது.

மின்வணிகத்திலும் உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகள் சில இதே போல் களத்தில் நின்று எண்ணியவைதான். அவற்றில் ஒன்று செங்கோட்டை மலைக்கு அப்பால், வட கேரளக் கடற்கரையில் நடந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 1996 முதல் 2001 வரை, 15 கடற்கரைச் சந்தைகளில், 300 மீன்பிடிப் படகுகளின் பிடிப்பையும் விலையையும் வாரந்தோறும் குறிக்கச் செய்தார். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகரையில் வாங்க ஆளில்லாமல் 11 படகுக்காரர்கள் மத்தி மீனைக் கொட்டினார்கள். அதே நேரத்தில், அங்கிருந்து 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு செல்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. கோபுரம் வந்த இடங்களில் மீன் கொட்டப்படுவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. 2007-இல் இந்த ஆய்வு வெளியானபோது, தகவல் தொழில்நுட்பம் ஏழைக்கு என்ன செய்யும் என்ற வாய்ச்சண்டைக்கு முதன்முறையாக ஓர் உருப்படியான எண் கிடைத்தது. அதற்கு ஐந்து ஆண்டு கடற்கரையில் ஆள் நிற்க வேண்டியிருந்தது.

சீனத்திலிருந்து வந்த எண் வேறு மாதிரி. கிராமங்களுக்கு இணையக் கடை வந்தால் கிராமத்தான் விற்பனையாளன் ஆவான் என்று அங்கே பெரிய நம்பிக்கை இருந்தது. விக்டர் கூட்யூர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் நூறு கிராமங்களில் சிலவற்றில் மட்டும் மின்வணிக நிலையங்களைத் திறக்கச் செய்து, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளியான முடிவில் உற்பத்தியாளருக்கோ தொழிலாளருக்கோ சொல்லும்படியான வருமான உயர்வு இல்லை. மலிவாகப் பொருள் வாங்க முடிந்த சிலருக்கு, அதிலும் இளையவர்களுக்கும் சற்று வசதியானவர்களுக்கும்தான் பலன். நம் ஊரில் ‘டிஜிட்டல் சந்தை விவசாயியை உயர்த்தும்’ என்று மேடையில் பேசுபவர்கள் யாரும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவதில்லை.

தென்காசிக்கு எது பொருந்தும், வடகரையா சீனக் கிராமமா? இதை இங்கே எண்ணித்தான் சொல்ல முடியும். எண்ணுவதற்கு இதைவிட நல்ல இடமும் அமையாது.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி இப்பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 லட்சம். ஒரு பக்கம் மலை, மலைக்கு அப்பால் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் ஓணம் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. புளியரை வழியாகப் போகும் லோடு எந்த நாளில் என்ன விலைக்குப் பேசப்பட்டது, அந்தப் பேச்சு கமிஷன் கடையில் நடந்ததா செல்பேசியிலா, பணம் வங்கி வழி வந்ததா கையிலா என்று வாரம் ஒரு நாள் குறித்தாலே போதும். இரண்டு மாநிலங்கள், இரண்டு மொழிகள், ஒரே பொருள் என்ற அமைப்பு ஆய்வாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

குற்றாலம் இதைவிட அரியது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை சாரல் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். மற்ற மாதங்களில் பேரருவிக்குப் போகும் தெருவில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். சீசனில் அதே தெருவில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவியலாக இருக்கும், நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும், மூலிகை எண்ணெய்க்காரர் ஆள் பிடித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கடையிலும் க்யூஆர் அட்டை தொங்கும், அதன் பக்கத்தில் பணம் வந்ததைச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி இருக்கும். கூட்ட இரைச்சலில் அது சொல்வது கேட்காது. ஈரக்கையோடு நிற்கும் வாடிக்கையாளர் தன் திரையைக் காட்ட, கடைக்காரர் தன் செல்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பழப்பையைக் கொடுப்பார். மின்வணிக ஆராய்ச்சியில் ‘நம்பிக்கை’ என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதப்படுவது நடைமுறையில் இந்த ஐந்து நொடிதான்.

இந்த ஊரை ஆய்வுக்கூடமாக்குவது அருவியில் விதிக்கப்படும் தடை. மலையில் மழை வலுத்து அருவியில் வெள்ளம் பெருகினால், அன்று குளிக்க அனுமதி கிடையாது. 2024 மே மாதம் பழைய அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. தடை எந்த நாள் வரும் என்று கடைக்காரருக்கோ, விடுதிக்காரருக்கோ, மதுரையிலிருந்து குடும்பத்தோடு வேனில் கிளம்பியவருக்கோ முன்கூட்டித் தெரியாது. வியாபாரம் எப்படி இருக்கிறது என்று பார்த்து யாரும் தடை போடுவதுமில்லை. தடை நாளையும் தடை இல்லாத நாளையும் ஒப்பிட்டால், ஒரு வெளி அதிர்ச்சி சிறு வியாபாரத்தை எப்படித் தாக்குகிறது என்பதைக் கலப்படமில்லாமல் அளக்கலாம். பொருளியலாளர்கள் இயற்கைச் சோதனை என்று சொல்லித் தேடி அலைவது இதைத்தான். அறுபது கடைகள் தங்கள் அன்றாட யுபிஐ வரவுச் சுருக்கத்தைப் பெயரில்லாமல் பகிர ஒப்புக்கொண்டால், இருபது விடுதிகள் முன்பதிவையும் ரத்தையும் குறித்துக் கொடுத்தால், ஒரே சீசனில் உலகத்தின் எந்த ஆய்விதழும் படித்துப் பார்க்கும் தரவு சேரும். முன்பணத்தை இணையத்தில் கட்டியவருக்கு, அருவி மூடியிருந்தால் பணம் திரும்புகிறதா? 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பணம் திருப்பும் கொள்கையை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கின்றன. அந்த விதி குற்றாலத்தில் எந்த அளவுக்கு உயிரோடு இருக்கிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கதே.

வெளியில் இருக்கும் தரவு இதற்கு உதவாதா என்றால், ஓரளவு உதவும். ஃபோன்பே நிறுவனம் 2021 முதல் தன் பரிவர்த்தனைக் கணக்கை மாவட்ட வாரியாக, காலாண்டு வாரியாக யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. சந்தை விலைகளுக்கு அரசின் அக்மார்க்நெட் தளம் இருக்கிறது. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரே எண்ணாகக் கொடுத்தால், அருவி கொட்டிய நாளும் தடை போட்ட நாளும் அதற்குள் கரைந்துவிடும். நாள் கணக்கு வேண்டுமென்றால் ஆள் நின்றுதான் எடுக்க வேண்டும்.

கேள்விகள் அருவியோடு நிற்கவில்லை. சங்கரன்கோவில் விசைத்தறிச் சேலை இணையத்தில் விற்கும்போது லாபம் தறிக்காரருக்கா, படம் எடுத்துப் போடும் மறுவிற்பனையாளருக்கா? ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களில் எத்தனை பேர் செல்பேசி வழி விற்பனைக்கு மாறினார்கள், மாறியவர் ஏன் பீடித்தட்டுக்குத் திரும்பினார்? பார்சல் அலுவலகத்தில் திரும்பி வந்த பொட்டலங்கள் ஏன் திரும்பின? இந்தக் கேள்விகளுக்கு நிறுவனங்கள் பதில் சொல்லப்போவதில்லை. தோற்றுப்போன விற்பனையாளர் அவர்களுடைய கணக்கில் இருப்பதே இல்லை.

மொழியும் ஆராய்ச்சிப் பொருள்தான். ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் 2020-இல் தமிழில் வந்தன. எந்தத் தமிழில்? தென்காசிக்காரர் லுங்கியைச் சாரம் என்பார், காய்ந்த மிளகாயை வத்தல் என்பார், சர்க்கரையைச் சீனி என்பார். இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவரே அதிகம். தேடல் கட்டத்தில் வட்டார வழக்கு விழும்போது எத்தனை முறை சரியான பொருள் வருகிறது என்பதைத் தமிழ்த்துறையும் கணினித்துறையும் சேர்ந்து ஒரு பருவத்தில் அளந்துவிடலாம். வட்டாரச் சொல்லகராதி தொகுப்பதில் தமிழ்த்துறைகளுக்கு நீண்ட பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு இன்று வணிக மதிப்பும் உண்டு என்பதை அவற்றுக்கே யாராவது சொல்ல வேண்டும்.

மத்தளம்பாறையைக் குறிப்பிடாமல் தென்காசியின் மென்பொருளைப் பேச முடியாது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ நிறுவனம் 2011-இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கிராமத்தில் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான அதன் ‘டெஸ்க்’ மென்பொருள் அங்கே உருவானது. சிறு வணிகர் கணக்கெழுத, சரக்கு பார்க்க, இணையக் கடை திறக்க அந்த நிறுவனம் மென்பொருள் விற்கிறது. பட்டம் இல்லாதவர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்ததும் அதுவே. இதைச் சுட்டி, ‘பட்டமே தேவையில்லை என்று ஆகிவிட்டதே, பல்கலைக்கழகம் எதற்கு’ என்று கேட்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. செய்வதும் அளப்பதும் வேறு வேறு வேலை. மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர் கூடினாரா என்று பார்க்கும். அப்படிப் பார்ப்பது அதன் தொழில். அந்த மென்பொருள் வந்தபின் தெருவில் இருந்த மற்ற பத்துக் கடை என்ன ஆயிற்று என்று பார்க்கும் கடமை பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு.

1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தால் அது முடியுமா என்ற ஐயத்துக்கு அதன் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அங்கே குற்றவியல் ஆசிரியராக இருந்த கே. ஜெய்சங்கர் 2007-இல் சைபர் குற்றவியலுக்கென்று ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். இணையக் குற்றத்தைக் கணினிக்காரர்களிடமிருந்து பிரித்து, சமூக அறிவியலாகப் படிக்க வேண்டும் என்ற வாதம் நெல்லையிலிருந்து கிளம்பி, அந்தத் துறையின் பெயரே நிலைபெற உதவியது. கட்டிடமோ கோடிகளோ அதற்கு முதலீடு இல்லை. புதிய கேள்வி ஒன்றைச் சரியான நேரத்தில் பிடித்ததுதான் முதலீடு. இன்னொரு சான்று ஆழ்வார்குறிச்சி. மலையடிவாரத்தை ஆராயும் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தைப் பல்கலைக்கழகம் மலையடிவாரத்திலேயே வைத்தது. சந்தையை ஆராயும் துறையும் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன?

அதற்குப் புது வளாகம் தேவையில்லை. குற்றாலத்தில் 1964 முதல் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியும் சுரண்டையில் காமராஜர் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. அங்கே படிக்கும் மாணவிகள் பலர் இந்தக் கடைக்காரர்களின், தறிக்காரர்களின், பீடி சுற்றுபவர்களின் பிள்ளைகள். முகம் தெரியாத ஆய்வாளரிடம் வரவைச் சொல்லாத கடைக்காரர் பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் சொல்வார். ஸ்லேட்டர் 1916-இல் கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான்.

தேவைப்படுவது என்ன என்று பார்த்தால், செலவு பிடிப்பவை குறைவு, பிடிவாதம் பிடிப்பவை அதிகம். ஒரு முழுநேர இளநிலை ஆய்வாளருக்கு யுஜிசி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆண்டுக்கு 4 லட்சத்து 44 ஆயிரம். இரண்டு ஆய்வாளர்கள், கணக்கெடுக்கும் மாணவர்களுக்குப் படி, ஒரு புள்ளியியலாளரின் பாதி நேரம் சேர்த்தாலும், ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கும் அதன் பந்தலுக்கும் மலருக்கும் ஆகும் செலவைவிடப் பெரிதாக இருக்காது. நூலகம் முன்பு பெரிய தடையாக இருந்தது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின், அரசு நடத்தும் 6,300 நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. மேலே சொன்ன ஜென்சனின் கட்டுரையைப் படிக்க இனி வெளிநாட்டு நண்பருக்கு மின்னஞ்சல் போட வேண்டியதில்லை.

கடினமானது துறைகளுக்கு நடுவில் உள்ள சுவர். வணிகவியல் துறைக்குச் சந்தை தெரியும், நிரல் எழுதத் தெரியாது. கணினித்துறைக்கு நிரல் தெரியும். ஆனால் அதன் மாணவர் ஏதோ அமெரிக்கத் தளத்தில் கிடைக்கும் பழைய தரவை எடுத்துப் பரிந்துரை நெறிமுறை செய்து பட்டம் வாங்குகிறார், புளியங்குடி சந்தைக்குள் காலே வைப்பதில்லை. புள்ளியியல் துறையை மற்றவர்கள் ஆய்வேட்டின் கடைசி மாதத்தில்தான் நினைக்கிறார்கள். எத்தனை கடை, எந்தக் கடை, எப்படித் தேர்வு என்று தொடங்கும் முன்பே புள்ளியியலாளர் உட்காராவிட்டால், பிறகு எந்தச் சோதனையும் அந்தத் தரவைக் காப்பாற்றாது. நெறியாளர் இருவர், துறை இரண்டு, ஆய்வேடு ஒன்று என்ற ஏற்பாட்டை விதிப்புத்தகம் தடுத்தால் விதிப்புத்தகத்தைத்தான் திருத்த வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்குத் தருகிறது. தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவு பயன்படக் கூடாது, வகுத்த தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனை. கடைக்காரரின் வரவுக் கணக்கு வரி அலுவலகத்துக்கோ போட்டியாளருக்கோ போய்விடாது என்று எழுத்தில் உறுதி தரும் ஆய்வு அறநெறிக் குழு இல்லாமல் எந்தக் கடையும் நோட்டைத் திறக்காது. போலி விடுதித் தளங்களைப் பற்றிய ஆய்வுக்கு இது இன்னும் அவசியம். யாத்திரை, சுற்றுலா முன்பதிவு மோசடிகள் குறித்து ஒன்றிய அரசின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. ஏமாந்தவர் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்தாரா, வெட்கப்பட்டு விட்டுவிட்டாரா என்று குற்றவியல் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து பார்க்க இது நல்ல இடம்.

கிடைக்கும் முடிவு தமிழிலும் வர வேண்டும். ஆங்கில ஆய்விதழில் வருவது பல்கலைக்கழகத்தின் தரப்புள்ளிக்கு; தடை நாளில் வரவு எத்தனை பங்கு விழுந்தது, எந்த விதக் கடை தாங்கியது என்ற இரண்டு பக்கத் தமிழ் அறிக்கை குற்றாலம் வியாபாரிக்கு. அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்தால்தான் அடுத்த சீசனிலும் அவர் நோட்டைத் திறப்பார். கணக்கெடுப்பை வைத்து ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகும் வழக்கம் இந்தக் கிராமங்களுக்கு நன்றாகத் தெரியும்; கேள்வித்தாளை நீட்டினால் ‘போன தடவையும் ஒரு தம்பி வந்து எழுதிட்டுப் போனாரே’ என்ற பதில் அதனால்தான் வருகிறது.

கோவை 2022-இல் ஓஎன்டிசி என்ற திறந்த மின்வணிகக் கட்டமைப்பின் முதல் ஐந்து சோதனை நகரங்களில் ஒன்றாக இருந்தது. அத்தகைய திட்டம் ஒரு நாள் தென்காசிக்கும் முழுவீச்சில் வரும். வந்தபின் என்ன மாறியது என்று சொல்ல, வருவதற்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு வேண்டும். குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூனில். கல்லூரிகள் திறப்பதும் அதே மாதத்தில். பராசக்தி கல்லூரியிலிருந்து பேரருவித் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அறுபது கடையின் பட்டியலும், கோடு போட்ட அறுபது நோட்டும், இருபது மாணவிகளும் வரும் மே மாதத்துக்குள் தயாராக வேண்டும்.